கிராண்ட்பாஸ் மாடியில் பூமியின் நிழல்

வானத்தைப் பார்க்க விரும்புகிறவனுக்கு நகரவாசம் பெருந்தடை என்பதில் ஐயமில்லை. கொழும்பு மாநகரின் வடபாகத்தில், களனி கங்கைக்கும் துறைமுகத்துக்கும் இடையே நெருங்கிக் கிடக்கும் கிராண்ட்பாஸ் பிரதேசத்தில், ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராக அமைந்த தோட்டக் குடியிருப்புகளிலும், பண்டகசாலைகளின் பின்னால் ஒடுங்கிச் செல்லும் ஒழுங்கைகளிலும் வாழ்கிறவர்களுக்கு, ஆகாயம் என்பது கூரைகளின் நடுவே தெரியும் ஒரு நீண்ட கீற்று மாத்திரமே. வீதி விளக்குகளும் துறைமுகத்து விளக்குகளும் சேர்ந்து, மிகப் பிரகாசமான சில நட்சத்திரங்களைத் தவிர ஏனையவற்றை மறைத்துவிடுவதால், இங்கே பிறந்து வளரும் பிள்ளைகளில் பலர் ஆகாய கங்கையை ஒருமுறையேனும் கண்டதில்லை. இப்படிப்பட்ட இடத்தில் வான சாஸ்திரத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்குச் சந்திர கிரகணமே தக்க விடை. நகரத்து ஒளியால் கெடாத, விலையுயர்ந்த கருவிகளை வேண்டாத, வீட்டு வாசலைக் கூடத் தாண்ட அவசியமில்லாத பெருங்காட்சி அது. அதைக் கண்ணாரக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், படம் பிடிக்கவும், பிடித்த படத்தைக் கொண்டு நாம் நிற்கும் இந்தப் பூமியின் பருமனையே மதிப்பிடவும் முடியும் என்பதைச் சொல்வதற்காகவே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன்.

உதாரணத்துக்கு 2025 செப்டெம்பர் 7 ஆம் திகதி, பினர பூரணை தினமான ஞாயிற்றுக்கிழமை இரவு நிகழ்ந்த பூரண சந்திர கிரகணத்தை எடுத்துக்கொள்வோம். இலங்கை நேரப்படி இரவு 8.58க்குச் சந்திரன் பூமியின் புறநிழலுக்குள் புகுந்தது, 9.57க்குக் கருநிழல் அதன் விளிம்பைத் தொட்டது, 11.01க்குச் சந்திரன் முழுவதும் மறைந்தது. நள்ளிரவு கடந்து 12.23 வரை, அதாவது 82 நிமிடங்கள், அது நிழலுக்குள்ளேயே இருந்து, 1.26க்கு முற்றாக விடுபட்டது. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருப்பதனாலும், கிரகண மத்தியின்போது சந்திரனுக்கு நேர் கீழேயிருந்த இடம் இலங்கைக்குத் தென்கிழக்கே இந்து சமுத்திரத்தில் அமைந்ததனாலும், கருநிழல் தொட்டது முதல் விலகியது வரையில் சந்திரன் நமது அடிவானத்திலிருந்து 55 பாகைக்குக் கீழே இறங்கவேயில்லை. நள்ளிரவுக்குச் சற்றுப் பின் 77 பாகை வரை ஏறி, ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேலே நின்றது. அதே இரவில் லண்டன் நகரத்தார் முழுமையாக மறைந்துவிட்ட சந்திரன் அடிவானத்தில் உதயமாவதைத்தான் காண முடிந்தது. அடிவானம் என்ற ஒன்றே இல்லாத கிராண்ட்பாஸ் ஒழுங்கைகளில், கூரைகளுக்கு இடையே தெரியும் அந்தக் கீற்று ஆகாயமே இந்தக் கிரகணம் முழுவதற்கும் போதுமானதாயிருந்தது. உஷ்ண மண்டலத்து வாசிகளுக்கு இயற்கை அளித்திருக்கும் இந்த அநுகூலத்தை நாம் போதிய அளவு மதிப்பதில்லை.

இன்னோர் அநுகூலம் நமது நாட்டு வழக்கத்தால் வாய்த்தது. சந்திர கிரகணம் பௌர்ணமியில் மாத்திரமே நிகழக் கூடியது. பௌர்ணமியோ இலங்கையில் பொது விடுமுறை. ஆகவே கிரகண இரவு பெரும்பாலும் பூரணை விடுமுறையோடு சேர்ந்தே வருகிறது. அவ்விரவில் விகாரைகளில் சில் அநுட்டிப்பவர்கள் இருப்பார்கள். கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கொச்சிக்கடைப் பகுதிக் கோயில்களில் நடை சாத்தப்பட்டு, கிரகணம் விட்ட பின் சுத்தி செய்து திறக்கப்படும். பள்ளிவாசல்களில் கிரகணத் தொழுகை நடைபெறும். மூன்று சமயத்தவரும் ஒரே நிழலைத் தத்தம் வழியில் எதிர்கொள்ளும் இந்த அயலில், மாடியிலே முக்காலியோடு நிற்கிறவனும் அவர்களுக்கு அந்நியன் அல்லன் என்றே நான் கருதுகிறேன்.

மாதந்தோறும் பௌர்ணமி வந்தும் மாதந்தோறும் கிரகணம் ஏன் வருவதில்லை என்பது பிள்ளைகள் கேட்கும் முதற் கேள்வி. மிக நல்ல கேள்வியுங்கூட. சூரியனுக்கு எதிர்ப்புறத்தில் பூமியின் நிழல் கூம்பு வடிவில் ஏறக்குறைய 14 இலட்சம் கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. சராசரி 3,84,400 கிலோமீற்றர் தொலைவில் சந்திரன் அதனைக் குறுக்கிடும் இடத்தில் அந்தக் கூம்பின் அகலம் ஏறத்தாழ 9,000 கிலோமீற்றர். சந்திரனுடைய விட்டம் 3,474 கிலோமீற்றர் என்பதால், நிழல் அதனை விழுங்கப் போதுமான விசாலமுடையதே. ஆனால் சந்திரன் செல்லும் பாதை, பூமி சூரியனைச் சுற்றும் தளத்துக்கு 5 பாகை சாய்ந்திருக்கிறது. ஆதலால் பெரும்பாலான பௌர்ணமிகளில் அது நிழலுக்கு மேலேயோ கீழேயோ விலகிப் போய்விடுகிறது. இரு தளங்களும் வெட்டிக்கொள்ளும் இரண்டு சந்திகளில் ஒன்றின் அருகே பௌர்ணமி நேரும்போது மாத்திரமே கிரகணம் பிடிக்கிறது. நமது முன்னோர் இராகு, கேது என்று பெயரிட்டு, ஏனைய கிரகங்களோடு சேர்த்து அவற்றின் ஸ்தானத்தையும் கணித்து வந்தவை இந்த இரு சந்திகளையே. புராணம் அவற்றைப் பாம்பாக உருவகித்தது. கணிதமோ அவை 18.6 ஆண்டுகளில் ஒருமுறை இராசிச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றி வருவதைக் கணக்கிற் கொண்டது. 499 ஆம் ஆண்டில் ஆரியபடீயத்தை இயற்றிய ஆரியபடர், சந்திரனை மறைப்பது பூமியின் சாயையே என்பதை ஐயத்துக்கிடமின்றி எழுதி, அந்தச் சாயையின் நீளத்தையும் அகலத்தையும் கணக்கிடும் முறையையும் கூறிச் சென்றார்.

கணிதம் என்றதும், தமிழர் எவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. சென்னை வானாய்வு நிலையத்தின் பொறுப்பில் சில காலம் இருந்தவரும், தென்னிந்தியக் காலக் கணிதத்தை ஆராய்ந்து 1825 இல் ‘கால சங்கலித’ என்னும் பெருநூலை வெளியிட்டவருமான ஜோன் வாரன் என்பவர், புதுச்சேரியில் தங்கியிருந்த காலத்தில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்த மனிதர் ஏட்டையோ எழுதுகோலையோ தொடாமல், தரையிலே சோழிகளைப் பரப்பி, அவற்றை இடம் மாற்றி வைத்துக்கொண்டே, மனனம் செய்திருந்த வாக்கியங்களின் துணைகொண்டு, 1825 மே 31 ஆம் திகதி இரவு நிகழவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் கொடுத்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், மத்தியில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் மாத்திரமே கணிப்பு பிசகியது. கணித வரலாற்றறிஞரான ஓட்டோ நொய்கபவர் 1952 இல் தமிழ் வான சாஸ்திரத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை எடுத்தாண்டு, அந்தச் சோழிக் கணக்கின் பின்னே பாபிலோனியரின் பழைய முறைகளை ஒத்த ஒரு பாரம்பரியம் நிற்பதை உலகுக்கு உணர்த்தினார்.

அந்தப் பஞ்சாங்கக் கணிதருடைய மனனத்திலிருந்த வாக்கியங்கள் எத்தகையவை என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்து, நாளொன்றுக்கு ஒரு வாக்கியமாகச் சந்திரனின் ஸ்தானத்தை அவை சொல்லும். ஏன் 248? சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலையிலிருந்து மீண்டும் அதே நிலையை அடைய ஏறக்குறைய 27.55 நாட்கள் ஆகின்றன. அத்தகைய ஒன்பது சுற்றுகள் சேர்ந்தால் 248 நாட்கள், கிட்டத்தட்டப் பின்னமே இல்லாமல். இந்த எண்ணைக் கண்டுபிடிக்க எத்தனை தலைமுறையினர் இரவு தோறும் விழித்திருந்து சந்திரனை அவதானித்திருக்க வேண்டும் என்று எண்ணும்போது மனம் நெகிழ்கிறது.

இலங்கையிலும் இதற்கு ஒரு தொடர்ச்சி உண்டு. யாழ்ப்பாணத்து அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கம் கணித்த அதே காலத்தில், அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரி ஒன்றை நிறுவி, ஐரோப்பிய வான சாஸ்திரத்தைத் தமிழ் மாணவருக்குக் கற்பித்தனர். 1829 மார்ச் மாதத்துச் சந்திர கிரகணத்தின்போது செமினரி அதிபர் டானியேல் பூவரின் கணிப்புக்கும் பஞ்சாங்கக் கணிப்புக்கும் வேறுபாடு தோன்ற, எது சரியென்று ஊரார் வானத்தைப் பார்த்தே தீர்மானிக்கும் நிலை உண்டாயிற்று. கிரகணம் மிஷனரிமார் கூறியவாறே நிகழ்ந்தது. அதனை அவர்கள் தங்கள் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகப் பறைசாற்றினர். சமயத்துக்கும் நிமிடக் கணக்குக்கும் சம்பந்தமில்லை என்பது என் அபிப்பிராயம். வாக்கியங்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வகுக்கப்பட்டவை. திருத்தப்படாத எந்த அட்டவணையும், அது யாருடையதாயினும், காலம் செல்லச் செல்லச் சிறிது சிறிதாகப் பிசகும். எனினும் இரு தரப்பாரும் ஒரே நடுவரை ஏற்று, வானத்தை அண்ணாந்து பார்த்தார்களே, அந்தச் செயலே போற்றத்தக்கது. இன்றும் கொழும்புத் தமிழர் வீடுகளில் கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கமோ திருக்கணித பஞ்சாங்கமோ சுவரில் தொங்கும். கிரகண நாளில் அதனை இறக்கி, ஸ்பரிச காலம், மத்திய காலம், மோட்ச காலம் மூன்றையும் ஒரு தாளில் குறித்து, ஒவ்வொன்றின் எதிரிலும் நம் கண்ணிற்பட்ட நேரத்தை எழுதி ஒப்பிடுவது, பிள்ளைகளுக்கு நாம் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த முதற் பாடம்.

வீட்டுப் பெரியவர்களின் அச்சத்தையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. கிரகண வேளையில் கர்ப்பிணிகள் வெளியே வரலாகாது, சந்திரனைப் பார்க்கலாகாது என்ற கட்டுப்பாடு எங்கள் பகுதியில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. சந்திர கிரகணத்தின்போது நம்மை வந்தடைவது வழக்கமான நிலவொளியே. வழக்கத்திலும் குறைந்த நிலவொளி. சூரிய கிரகணத்தை வெறுங் கண்ணால் பார்த்தால் விழித்திரை பழுதாகும் என்பது உண்மை; சந்திர கிரகணத்துக்கு அவ்வித ஆபத்து எள்ளளவும் இல்லை. உணவில் தர்ப்பை இடுவதும், விட்ட பின் நீராடுவதும் அவரவர் ஆசாரம்; அதில் தலையிட எனக்கு விருப்பமில்லை. ஆனால் தாயாகப் போகும் ஒரு பெண், கதவடைத்த அறைக்குள் புழுக்கத்திலும் பயத்திலும் மூன்றரை மணி நேரம் இருப்பதைக் காட்டிலும், மாடியில் ஒரு நாற்காலியில் சாய்ந்து இந்த அற்புதத்தைக் காண்பது அவளுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் எவ்விதத் தீங்கும் செய்யாது என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்.

இனிக் காட்சிக்கு வருவோம். புறநிழல் பட்டவுடனே எதையேனும் காணலாம் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவர். முதல் அரை மணி நேரத்துக்குச் சந்திரனில் யாதொரு மாற்றமும் தெரியாது. பின்னர் ஒரு பக்கம் புகைபடிந்தாற்போல மங்கத் தொடங்கும். கருநிழல் தொட்டதும் விளிம்பு கரைந்து குறைவது தெளிவாகப் புலப்படும். நிழலின் ஓரம் கத்தியால் வெட்டியது போலக் கூர்மையாக இராது; பூமியைச் சூழ்ந்த வாயு மண்டலம் அதனை மழுக்கிவிடுகிறது. ஆயினும் அது வளைந்திருப்பதை எவரும் காணலாம். எந்தக் கிரகணத்திலும், எந்தத் திசையிலிருந்து நுழையும்போதும், அந்த ஓரம் வட்டத்தின் வில்லாகவே இருக்கிறது. எப்பக்கம் திருப்பினாலும் வட்ட நிழலையே வீழ்த்தக்கூடிய உருவம் கோளம் ஒன்றுதான் என்று கிரேக்க ஞானியான அரிஸ்டாட்டில் இதனை வைத்தே பூமியின் வடிவத்தை நிறுவினார்.

முக்கால்வாசி மறைந்த பின்னரே நிழலுக்குள்ளே செம்மை தலைகாட்டும். மீதியிருக்கும் வெண்மையின் கூச்சம் அதுவரை கண்ணை அதனைக் காணவிடுவதில்லை. பைனாகுலர் வைத்திருப்பவர்கள் முழு மறைவுக்குச் சற்று முன்னும் பின்னும் நிழலோரத்தை உற்றுக் கவனிக்க வேண்டும். அங்கே மெல்லிய நீலப் பச்சைக் கரையொன்று சில நிமிடங்கள் தோன்றும். வாயு மண்டலத்தின் மேலடுக்கில் உள்ள ஓசோன், சிவப்பு ஒளியைச் சிறிது உறிஞ்சிவிட்டு நீலத்தைக் கடத்துவதால் விளைவது அது. கீழடுக்குகளின் வழியே வளைந்து வரும் ஒளியோ, நீலம் நாலாபுறமும் சிதறிப் போய்ச் சிவப்பே எஞ்சியதாய்ச் சந்திரனை அடைகிறது. அந்நேரத்தில் சந்திரனில் ஒருவர் நின்று பூமியைப் பார்ப்பாரானால், கரிய வட்டமொன்றைச் சுற்றிச் செந்நிற வளையம் ஒளிர்வதைக் காண்பார். உலகத்தின் எல்லாச் சூரியோதயங்களும் அஸ்தமனங்களும் ஒருங்கே சேர்ந்த வளையம் அது. 2025 செப்டெம்பர் இரவில், கிரகண மத்தியான 11.42க்கு, அந்த வளையத்தின் ஒரு பாதியில் மேற்கு ஆபிரிக்காவின் மாலையும், மறு பாதியில் ஃபிஜித் தீவுகளின் காலையும் இருந்தன. கிராண்ட்பாஸ் மாடியின் மேலே சிவந்து நின்ற சந்திரன் அவ்விரு இடங்களின் அந்தியையும் விடியலையும் நமக்குப் பிரதிபலித்தது.

இந்தச் செம்மை எல்லாக் கிரகணங்களிலும் ஒரே தன்மையாய் இருப்பதில்லை. பிரெஞ்சு வான சாஸ்திரியான அந்திரே தான்ஜோன் 1921 இல் இதற்கென ஓர் அளவுகோலை வகுத்தார். சந்திரன் ஏறக்குறைய மறைந்தே போகும் கிரகணம் 0; கருஞ்சாம்பலும் பழுப்புமானது 1; கருஞ்சிவப்பு 2; செங்கல் நிறம் 3; ஒளிமிக்க செம்பு நிறம் 4. கருவி எதுவும் வேண்டாத இந்த அளவை, மாடியில் நிற்கும் எவரும் தம் கண்ணை மாத்திரம் நம்பி எடுத்துவிடலாம். அதன் பெறுமதியோ பெரிது. நமது வாயு மண்டலத்தின் தூய்மையை அது தெரிவிக்கிறது. 1883 ஓகஸ்ட் 27 ஆம் திகதி கிரகதோவா எரிமலை வெடித்த ஓசை, பீரங்கி வெடிபோல இலங்கையிலும் கேட்டது. காலித் துறைமுகத்தில் கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறியிறங்கியது. அடுத்த மாதம் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சை நிறமாய்த் தோன்றியதாக மக்கள் கண்டு வியந்தனர். அந்த எரிமலைத் துகள் உலகெங்கும் பரவி மிதந்ததனால், 1884 ஒக்டோபர் 4 ஆம் திகதிக் கிரகணத்தில் சந்திரன் கண்ணுக்குப் புலப்படுவதே அரிதாகும்படி இருண்டது. பிலிப்பைன்ஸின் பினதுபோ எரிமலை 1991 இல் வெடித்த பின், 1992 டிசெம்பர் 9 ஆம் திகதிக் கிரகணத்திலும் அவ்வாறே நேர்ந்தது. எனவே நிறத்தைப் பார்த்து எண்ணொன்றைக் குறித்து வைப்பவர், தம்மையறியாமலே பூமியின் சுவாசத்தைக் குறித்து வைக்கிறார்.

முழு மறைவின்போது நகர வானத்திலும் ஒரு மாறுதல் நிகழும். பௌர்ணமி ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்காக, சில வேளை அதனினும் குறைவாக, மங்கிவிடுவதால், அதுவரை மறைந்திருந்த நட்சத்திரங்கள் சில வெளிப்படும். செப்டெம்பர் இரவில் கும்ப ராசியில் நின்ற சந்திரனுக்குக் கிழக்கே சற்றுத் தள்ளிச் சனி நின்றது.

படம் பிடிப்பதைப் பற்றி எழுதப் புகும்போது, பலரையும் மனம் தளரச் செய்யும் ஓர் உண்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். சந்திரன் வானத்தில் அரைப் பாகை அளவே அகலமானது. வில்லையின் குவியத் தூரத்தை 110 ஆல் வகுத்தால் கிடைப்பதே கமராவின் உணரியில் விழும் பிம்பத்தின் அளவு. 50 மில்லிமீற்றர் வில்லையில் அது அரை மில்லிமீற்றர் கூட வராது. 200 மில்லிமீற்றரில் 1.8, 400 மில்லிமீற்றரில் 3.6. கைத்தொலைபேசியில் அது வெறும் புள்ளி. ஆனால் 7×50 அல்லது 10×50 பைனாகுலர் ஒன்றை முக்காலியில் கட்டி, அதன் கண்வில்லையோடு கைத்தொலைபேசியின் வில்லையைச் சரியாகப் பொருத்திப் பிடித்தால், நிழலின் வளைவு தெளிவாகத் தெரியும் படம் கிடைக்கும். அளவீட்டுக்கு அதுவே போதும். பெரிய கமரா இல்லையென்று எவரும் விலகி நிற்க வேண்டியதில்லை.

கமரா உள்ளவர்கள் தானியங்கி முறையை நிறுத்திவிட்டு, ஒளியையும் குவியத்தையும் தாமே ஆள வேண்டும். முழு நிலவு என்பது வெயிலில் கிடக்கும் பாறை, அதற்கு ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, ஒரு செக்கனில் 200 இல் ஒரு பங்கு என்பது ஏற்ற தொடக்கம். கிரகணம் முற்றும்வரை, வெளிச்சமான பகுதிக்கு இதே அளவு, சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போனால், பொருந்தும். நிழலுக்குள்ளிருக்கும் பகுதியோ ஆயிரக்கணக்கான மடங்கு மங்கியது. இரண்டையும் ஒரே படத்தில் சிறப்பாகக் கொண்டுவருவது கண்ணுக்கு முடியுமேயன்றிக் கமராவுக்கு முடியாது. பூரண மறைவின்போது ஐ.எஸ்.ஓ. 1600, எஃப் 5.6, ஒரு செக்கன் என்று தொடங்கி, கூட்டியும் குறைத்தும் பல படங்கள் எடுக்க வேண்டும். ஒரு செக்கனுக்கு மேல் திறந்து வைப்பதில் இடர் உண்டு: பூமி சுழல்வதால் வானம் செக்கனுக்கு 15 விகலை நகர்கிறது; 200 மில்லிமீற்றர் வில்லையில் இது மூன்று நான்கு புள்ளிகள் அளவு பிம்பத்தை இழுத்துவிடும். வான நடுக்கோட்டின் அருகே சந்திரன் நிற்கும் நாட்களில் இந்த நகர்வு உச்சமாயிருக்கும்.

கிராண்ட்பாஸுக்கே உரிய சில இடர்களும் இருக்கின்றன. இங்குருகடைச் சந்தியிலிருந்து துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லொறிகள் இரவிலும் ஓய்வதில்லை. ஒரு லொறி வீதியின் குழியொன்றில் விழுந்தெழும்போது மாடித் தளத்தின் நடுக்கம் முக்காலியின் கால்வழியே ஏறி, 400 மில்லிமீற்றர் வில்லையில் சந்திரனைத் துள்ள வைப்பதைக் கமராவின் திரையிலேயே பார்க்கலாம். முக்காலியைத் தளத்தின் நடுவில் வைக்காமல், கீழே சுவர் தாங்கும் ஓரத்தில், நீர்த்தாங்கியின் அருகே வைத்து, கால்களை நீட்டாமல் தாழ்த்தி, அதன் நடுக் கொக்கியில் மணல் நிரப்பிய பையொன்றைத் தொங்கவிட்டால் நடுக்கம் பெரிதும் தணியும். பொத்தானை விரலால் அழுத்தாமல், இரண்டு செக்கன் தாமதத்தில் தானே இயங்கும்படி வைப்பது நன்று. கடற்காற்றின் ஈரத்தால் வில்லையில் ஆவி படிவது அடுத்த தொல்லை. குளிரூட்டிய அறையிலிருந்து கமராவைத் திடீரென்று மாடிக்குக் கொண்டுவந்தால், கண்ணாடி முழுவதும் வெண்படலம் மூடி, எத்தனை துடைத்தாலும் மீண்டும் மூடும். அரை மணி நேரம் முன்னரே, மூடிய பையோடு வெளியில் வைத்து, காற்றின் சூட்டுக்குப் பழக்கிவிட வேண்டும். சந்திரன் உச்சியில் நிற்பது ஒழுங்கைவாசிக்கு வரமாயினும் முக்காலிக்குச் சிரமமே. தலைப்பகுதி 77 பாகை வரை நிமிர முடியுமா என்பதை முந்திய இரவிலேயே சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். குவியத்தைக் கிரகணம் தொடங்குமுன், பிரகாசமான விளிம்பைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துச் சரிசெய்து, வளையத்தை ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுவது உத்தமம். இருண்ட பின் குவியம் தேடுவது வீண் வேலை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, கமராவின் கடிகாரத்தைக் கைத்தொலைபேசியின் நேரத்தோடு செக்கன் பிசகாமல் பொருத்துவது. நேரம் அறியாத கிரகணப் படம் அழகிய சித்திரமாகலாம், சாட்சியாகாது. கடிகாரம் ஒன்றுதான் வீட்டில் உண்டு, கமராவே இல்லை என்பவர்களும் கூட ஒரு கணக்கைச் செய்து பார்க்கலாம். செப்டெம்பர் கிரகணத்தில் நிழல் தொட்டது முதல் முழுதும் மறையும்வரை 64 நிமிடம். இது சந்திரன் தன் விட்டமளவு தூரத்தைக் கடந்த நேரம். நிழல் தொட்டது முதல் மறுபுறம் விளிம்பு வெளிப்படும்வரை 146 நிமிடம். இது நிழலின் அகலத்தைக் கடந்த நேரம். 146 ஐ 64 ஆல் வகுத்தால் 2.28. சந்திரன் அன்று நிழலின் மையத்தினூடே செல்லாமல் தெற்கே விலகிக் கடந்தபடியால் இவ்வெண் உண்மையிலும் குறைந்தது. எனினும் நிழல் சந்திரனைவிட இரு மடங்குக்கும் மேற்பட்டது என்பதை வெறுங் கண்ணும் சுவர்க்கடிகாரமும் சேர்ந்து நிறுவிவிட்டன.

படம் இதனினும் திருத்தமாகச் சொல்லும். பாதியளவு மறைந்த நிலையில் எடுத்த படமொன்றை, சந்திரனின் விட்டம் 6 சென்ரிமீற்றர் வரும்படி அச்சிட்டுக்கொள்ளுங்கள். நிழலோரத்தில் ஒன்றுக்கொன்று தள்ளி மூன்று புள்ளிகளைக் குறித்து, அவை மூன்றினூடாகவும் செல்லும் வட்டத்தைப் பாடசாலையில் கற்ற முறைப்படி, நாண்களின் நடுச்செங்குத்துகள் சந்திக்கும் இடத்தை மையமாகக் கொண்டு வரையுங்கள். ஓரம் மழுங்கியிருப்பதால் ஒரு முறை வரைந்து நின்றுவிடாமல், வெவ்வேறு புள்ளிகளைக் கொண்டு வரைந்து சராசரி காண்பது அவசியம். கவனமாகச் செய்தால் அந்த வட்டத்தின் விட்டம் 16 சென்ரிமீற்றரை அண்மித்து வரும். அதாவது நிழல் சந்திரனைப்போல் 2.67 மடங்கு. இந்த நிழல் பூமியின் முழு அகலமன்று. சூரியன் வெறும் புள்ளியாயிராமல் அரைப் பாகை அகலமுள்ளதாயிருப்பதால், கூம்பு சந்திரனை அடைவதற்குள் அரைப் பாகைக்குரிய அளவு ஒடுங்கிவிடுகிறது. சந்திரனும் வானத்தில் அதே அரைப் பாகை அகலமாதலால், அந்த ஒடுக்கம் சரியாக ஒரு சந்திர விட்டம். அதனைக் கூட்டினால் பூமி சந்திரனைப்போல் 3.67 மடங்கு. பூமியின் 12,742 கிலோமீற்றரைச் சந்திரனின் 3,474 ஆல் வகுத்துப் பாருங்கள். அதே எண் வரும். இருபத்திரண்டு நூற்றாண்டுகளுக்கும் முன்னர் சாமோஸ் தீவின் அரிஸ்டார்க்கஸ் நடந்த வழி இதுவே. அவரிடம் படம் இல்லை, அடிமட்டத்தோடு நிழலை அளக்கும் வாய்ப்பும் இல்லை.

மேலும் நுட்பமாக அளப்பவர், நிழல் கணித்ததைவிடச் சிறிது பெரிதாயிருப்பதைக் காண்பார். பூமியின் வாயு மண்டலமும் நிழலிடுவதால் நேரும் இந்தப் பெருக்கத்தை 1702 இல் பிலிப் த லா ஈர் கவனித்து எழுதினார். டைக்கோ, கோப்பர்னிக்கஸ் முதலிய சந்திரப் பள்ளங்களை நிழலோரம் கடக்கும் நேரங்களை உலகெங்குமுள்ள வீட்டு அவதானிகள் குறித்து அனுப்பி, இந்தப் பெருக்கத்தின் அளவை இன்றைக்கும் ஆராய்ச்சியாளர் கையில் சேர்க்கிறார்கள். சிறிய தொலைநோக்கி உள்ள கொழும்பு மாணவர் எவரும் இவ்வேலையில் பங்குகொள்ளத் தகுதியுடையவரே.

வாய்ப்புகள் அடிக்கடி வருவதில்லை. 2026 மார்ச் 3 ஆம் திகதிக் கிரகணம் கொழும்பைப் பொறுத்தவரை உதயக் கிரகணம்: பூரணம் மாலை 5.33க்கே முடிந்து, ஆறேகாலைத் தாண்டிச் சந்திரன் எழும்போது ஒரு பகுதியே மறைந்திருந்து, 6.47க்கு விட்டுவிடுவது, கிழக்கே களனிப் பாலத்தின் மேல் அடிவானம் தெளிவாயிருந்தாலன்றிக் கிராண்ட்பாஸுக்கு அதில் பங்கில்லை. 2028 ஜூலை 6 ஆம் திகதி நள்ளிரவை ஒட்டிப் பாதிக்கும் குறைவான பகுதிக் கிரகணம் ஒன்று உண்டு. வட்டம் வரைந்து பழக அது போதும். பூரண கிரகணம் 2028 டிசெம்பர் 31 ஆம் திகதி இரவு வருகிறது. கருநிழல் ஏறத்தாழ 8.38க்குத் தொட்டு, 9.47 முதல் 10.59 வரை சுமார் 71 நிமிடம் சந்திரனை முழுமையாக மூடி, புத்தாண்டு பிறந்து ஏழு நிமிடம் கழிந்த பின்னரே விலகும். கொழும்பில் டிசெம்பர் மாத இரவுகள் தென்மேற்குப் பருவத்து மேகத்துக்கு ஆளாகாதவை என்பதால் நம்பிக்கை கொள்ள இடமுண்டு. ஆனால் கொட்டாஞ்சேனையிலும் கிராண்ட்பாஸிலும் நள்ளிரவை நெருங்க நெருங்கப் பட்டாசுப் புகை கூரைகளுக்கு மேலே தடித்துப் படரும். ஆதலால் அளவீட்டுக்குரிய பகுதி மறைவுப் படங்களை, சந்திரன் வெளிப்படும் பிற்பாதியை நம்பியிராமல், 8.38க்கும் 9.47க்கும் இடையே, நிழல் நுழையும் முதற்பாதியிலேயே எடுத்து முடித்துவிட வேண்டும்.